மூன்று வாரக் குடும்பம்

மரபு என்றதும் நம் நினைவுக்கு வருவன கோயிற் கொடியேற்றம், தைப்பொங்கல், திருமணச் சடங்கு முதலானவையே. தலைமுறை பலவற்றைக் கடந்து வந்தவை என்பதனாலேயே அவற்றுக்கு மதிப்பும் ஏற்பட்டுள்ளது. ஆயின், எவராலும் விதிக்கப்படாமல், எந்நூலிலும் எழுதப்படாமல், ஒரு வீட்டிலே தோன்றி அவ்வீட்டாரால் மட்டும் பேணப்படும் மரபுகளும் உள. அவற்றுட் பல விடுமுறைக் காலங்களிலேயே பிறந்தவை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடுமுறையைக் கழித்த யாழ்ப்பாணக் குடும்பங்களின் வாழ்க்கையை நோக்குவோர்க்கு இவ்வுண்மை எளிதிற் புலப்படும்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலே யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் தலைவர் கொழும்பில் இருந்தார். குடும்பம் ஊரில் இருந்தது. மாதந்தோறும் தபாலில் வந்த பணத்தைக் கொண்டே வீடுகள் நடந்தமையால் யாழ்ப்பாணத்தின் பொருளாதாரம் 'காசுக்கட்டளைப் பொருளாதாரம்' என்றே பெயர் பெற்றது. காசு அனுப்பியவரோ நண்பர் சிலருடன் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையற்காரர் ஒருவரை அமர்த்திக்கொண்டு, 'சமறி' எனப்பட்ட அவ்வீட்டிலே காலங் கழித்தார். 1956ஆம் ஆண்டு ஏப்பிரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் பயணம் எளிதாயிற்று. எனினும் தந்தையர் பலர் தம் பிள்ளைகளுக்கு விருந்தினராகவே இருந்தனர். அரசாங்க ஊழியருக்குக் கிடைத்த இலவசப் புகையிரத 'வொறண்ட்' சீட்டும் பாடசாலை விடுமுறையும் ஒன்றுகூடிய வேளைகளிலேதான் குடும்பம் குடும்பமாயிற்று. அத்தகைய குடும்பம் ஒன்று 1972ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே முதன்முறையாகக் கொழும்புக்கு வந்தது.

தந்தை அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் இலிகிதர். ஊருக்குச் சென்றிருந்த நண்பர் ஒருவர், காலி வீதியினின்றும் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றிலிருந்த தம் இரண்டு அறைகளை மூன்று வாரத்துக்கு அவருக்கு விட்டுக்கொடுத்தார். இரவுத் தபால் வண்டியில் தாயும், ஒன்பது வயது மகளும், ஆறு வயது மகனும் வந்து இறங்கினர். பனங்கட்டிக் குட்டான்களும் மிளகாய்த்தூளும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் ஒரு சாக்கு நிறைய வந்தன. கொழும்பின் பெயரைத் தாங்கிய மாம்பழத்தை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சுமந்து வருவதை எண்ணித் தந்தை சிரித்தார். பிள்ளைகள் சிரிக்கவில்லை. தந்தையோடு பேசி அவர்களுக்குப் பழக்கமில்லை.

அன்றிரவு மகன் தாயின் காதிலே, "அம்மா, இவர் எப்ப போவார்?" என்று கேட்டான். ஊருக்கு வரும் தந்தை நான்காம் நாள் பெட்டியுடன் புறப்பட்டுவிடுவதையே அவன் கண்டிருந்தான். எனவே அவன் கேள்வியிற் பிழையில்லை. அது மெதுவாகக் கேட்கப்பட்டதாயினும் அடுத்த அறையிற் படுத்திருந்தவரின் செவிக்கும் எட்டிற்று. மகன் கேட்டதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாலை கந்தோரிலிருந்து வழமையிலும் முன்னதாக வந்து, "வாங்கோ, கடலுக்குப் போவம்" என்றார்.

வெள்ளவத்தையிலே கடலுக்கும் ஒழுங்கைகளுக்கும் இடையே புகையிரதப் பாதை ஓடுகிறது. அதனைக் கடந்து கற்களின் மேல் நால்வரும் அமர்ந்தனர். ஒரு பொட்டலம் கச்சான் வாங்கப்பட்டது. பேசுவதற்குப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. இருளும் வேளையில் வீடு திரும்பியபின் தந்தை தம் வழக்கப்படி கணக்குக் கொப்பியை விரித்து, 'கச்சான் - 20 சதம்' என்று எழுதினார். மகன் அருகில் வந்து பார்த்தான். தந்தை அவனை நோக்கி, "இண்டைக்கு நீ என்ன கண்டனி?" என்றார்.

"கோச்சி."

"எத்தினை?"

"மூண்டு."

செலவுக்கு எதிர்ப்புறத்திலே, 'கண்டது - மூன்று கோச்சி' என்று எழுதப்பட்டது. தான் சொன்னது கணக்கில் ஏறியதைக் கண்ட சிறுவன் அதை இருமுறை எழுத்துக்கூட்டி வாசித்தான். மறுநாள் மாலை கொப்பியைத் தேடி எடுத்து வந்தவன் அவனே.

ஒருமுறை நிகழ்ந்தது செய்தி. மறுமுறை நிகழ்ந்தால் அது பழக்கம். மூன்றாம் முறை பிள்ளைகள் அதனை உரிமையாகக் கேட்கத் தொடங்கும்போது அது மரபாகிவிடுகின்றது. அடுத்த ஆண்டுகளில் நடந்ததும் இதுவே. வந்திறங்கிய நாளின் மாலையிலே கடல், ஒரு பொட்டலம் கச்சான், இரண்டன்று, இரவிலே கொப்பி. தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொணர்ந்த நாளொன்றில் தந்தை, "நாளைக்குப் போவம்" என்றபோது மகள் ஒன்றும் பேசாது குடையைக் கொண்டுவந்து நீட்டினாள். நால்வரும் ஒரு குடையின்கீழ் நனைந்து திரும்பினர். சிறியோரே மரபின் கண்டிப்பான காவலர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

கொப்பியிலே தாயின் பெயர் நெடுநாள் இடம்பெறவில்லை. அதனை முதலில் உணர்ந்தவள் மகளே. "அம்மா என்ன கண்டவ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை" என்று அவள் 1975ஆம் ஆண்டில் ஓரிரவு சொன்னாள். தந்தை பேனையைப் பிடித்தபடி மனைவியைப் பார்த்தார். அவர் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "அடுப்பு" என்றார். எவரும் சிரிக்கவில்லை. சொன்னபடியே எழுதப்பட்டது. ஊரில் அடுப்படியில் நின்றவர் கொழும்பிலும் மண்ணெண்ணெய் அடுப்பின் முன்னேயே விடுமுறையைக் கழித்தார் என்பது அந்த ஒரு சொல்லிலே வெளிப்பட்டுவிட்டது. அடுத்த ஞாயிறன்று வீட்டில் அடுப்பு மூட்டப்படவில்லை. காலி வீதியிலிருந்த சைவக் கடையொன்றில் நால்வரும் தோசை உண்டனர். குழந்தையாயிருந்த கடைக்குட்டி தாயின் மடியிலிருந்து சாம்பாரைக் கவிழ்த்தாள். அன்று தொடங்கி ஒவ்வொரு விடுமுறையிலும் 'அடுப்பு மூட்டாத நாள்' ஒன்று உண்டாயிற்று. அதற்கு வேண்டிய பணத்துக்காகத் தந்தை வேறொரு செலவைக் குறைத்தார் என்பதைக் கொப்பியின் வேறு பக்கங்கள் காட்டின.

செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனைக்கு உரியது. தாயின் தமக்கையார் அங்கு குடியிருந்தார். கொச்சிக்கடையிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை முதலில் தரிசித்து, பின்பு அண்மையிலுள்ள புனித அந்தோனியார் ஆலயத்துக்குச் செல்வர். செவ்வாய்தோறும் அங்கே கத்தோலிக்கரோடு சைவரும் பௌத்தரும் கூடி மெழுகுதிரி ஏற்றுவது கொழும்பு நன்கறிந்த காட்சி. பெரியம்மாவின் அயல்வீட்டார் கத்தோலிக்கர். அவர்களே இவர்களை முதன்முதலில் அழைத்துச் சென்றவர்கள். ஊரிலே அந்தோனியாரைப் பற்றி எண்ணியும் பாராத தாய், கொழும்பில் அவருக்கு மெழுகுதிரி ஏற்றாது திரும்பியதில்லை. விடுமுறையில் வழக்கமான எல்லைகள் சற்றே தளர்கின்றன. அத்தளர்விலேதான் புதியதொன்று முளைக்க இடமுண்டாகின்றது.

1983 யூலை 24ஆந் திகதி இரவு கொழும்பில் வெடித்த வன்செயல் மறுநாள் வெள்ளவத்தையையும் பற்றிற்று. விடுமுறை தொடங்காமையால் தாயும் பிள்ளைகளும் ஊரில் இருந்தனர். சமறி எரிந்தது, பதினோராண்டுக் கொப்பிகளும் அதனுடன் எரிந்தன. அகதி முகாமாக மாறிய பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலே சில நாட்களைக் கழித்த தந்தை, கப்பலில் ஏற்றப்பட்டுக் காங்கேசன்துறையில் வந்திறங்கினார். உடுத்திருந்த சாரமும் எவரோ கொடுத்த சட்டையுமே அவருக்கு எஞ்சியிருந்தன. வீட்டுக்கு வந்தவர் குளித்தார், உண்டார், திண்ணையில் அமர்ந்தார், பேசவில்லை. கேட்பதற்கு எவருக்கும் துணிவும் இருக்கவில்லை.

இரவானதும் ஒன்பது வயதாகியிருந்த கடைக்குட்டி, பாடசாலைக்கென வைத்திருந்த புதுக் கொப்பியொன்றையும் பேனையையும் அவர் முன்னே கொண்டுவந்து வைத்தாள். "அப்பா, இண்டைக்கு நீங்கள் என்ன கண்டனீங்கள்?" என்றாள். தாய் அவளைத் தடுக்க எழுந்தார். தந்தை கையாற் சைகை செய்தார். நெடுநேரத்தின் பின் எழுதினார்: 'செலவு - இல்லை. கண்டது - கடல்.' அதன் பின்னரே அவர் அழுதார். அவருக்குப் பேச்சுத் திரும்பியதும் அன்றிரவே.

இதே 1983ஆம் ஆண்டிலே, எரிக் ஹொப்ஸ்போமும் தெரன்ஸ் ரேஞ்சரும் தொகுத்த ஆங்கில நூலொன்று இங்கிலாந்தில் வெளிவந்தது. தொன்மையானவை எனப் போற்றப்படும் மரபுகள் பல அண்மைக் காலத்திலே ஆக்கப்பட்டவை என்று அந்நூல் நிறுவிற்று. அரசுகளும் ஆளுவோரும் தமக்குப் பெருமை சேர்க்கும் பொருட்டு ஆக்கிய மரபுகளே அதிற் பெரிதும் ஆராயப்பட்டன. வீட்டு மரபின் நோக்கம் வேறு. அது எவர்க்கும் பெருமை சேர்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் கிடையாத ஒன்றை மூன்று வாரத்தில் ஈடுசெய்ய முயலும் எளியவரின் உபாயமே அது. அதனாலேதான் அது சுமையின்றி இருக்கவேண்டியதாகின்றது. கனமான பொருளை இடம்பெயர்வோர் கைவிட நேரும். கேள்வியொன்றைக் கைவிட நேர்வதில்லை.

தந்தை 1994இல் மறைந்தார். மறுவருடம் ஒக்டோபர் 30ஆந் திகதி தொடங்கிய வலிகாமப் பேரிடப்பெயர்விலே இரண்டாம் கொப்பியும் தொலைந்தது. தாயும் கடைக்குட்டியும் வன்னி வழியாகக் கொழும்பை அடைந்து, வெள்ளவத்தையிலே மாடிக் குடியிருப்பொன்றில் வாடகைக்கு அமர்ந்தனர். மூத்த மகள் ரொறன்ரோவிலும் மகன் இலண்டனிலும் வாழ்ந்தனர். 2002இன் போர்நிறுத்தத்தின்பின், 2003 ஓகஸ்டிலே இரு குடும்பங்களும் பிள்ளைகளுடன் வந்தன. காசுக்கட்டளை அனுப்பிய தந்தையின் நிலையிலே இப்போது பிள்ளைகள் இருந்தனர். வெளிநாட்டிலிருந்து பணம் வந்தது, ஆட்கள் ஆண்டில் மூன்று வாரம் வந்தனர்.

மூத்த மகள் திட்டத்துடன் வந்திருந்தாள். நாளுக்கொரு நிகழ்ச்சி, எல்லோர்க்கும் ஒரேநிற ஆடை, படம் எடுக்கும் இடம் யாவும் குறிக்கப்பட்டிருந்தன. பிள்ளைகளோ வெப்பத்தில் வாடினர். ஒருவரோடொருவர் பேசவும் இல்லை. நான்காம் நாள் திட்டம் கைவிடப்பட்டது. அன்று மாலை பாட்டி செருப்பை மாட்டிக்கொண்டு, "கடலுக்குப் போவம்" என்றார். ஒரு பொட்டலம் கச்சான் வாங்கப்பட்டது. திரும்பும் வழியிற் காலி வீதிக் கடையொன்றிலே மூன்றாம் கொப்பியும் வாங்கப்பட்டது.

அன்றிரவு சிக்கல் ஒன்று எழுந்தது. பேத்தி ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினாள். பாட்டி, "தமிழிலை எழுது பிள்ளை" என்றார். தமிழெழுத்து அறியாத சிறுமி பேனையை வைத்துவிட்டு எழுந்தாள். அவளுடைய தாயின் முகம் வாடிற்று. குற்றம் யாருடையது என்ற பேச்சு அவ்விடத்தில் எழுந்திருக்கலாம். அவ்வாறு எழுந்து முறிந்த விடுமுறைகள் பல. பாட்டி சற்று நேரம் இருந்துவிட்டுப் பேனையைத் தாமே எடுத்தார். "நீ சொல்லு, நான் எழுதுறன்" என்றார். சிறுமி தனக்குத் தெரிந்த தமிழிற் பாதியும் ஆங்கிலத்திற் பாதியுமாகச் சொன்னாள். பாட்டி எழுதி, எழுதியதை உரக்க வாசித்துக் காட்டினார். அடுத்த விடுமுறையில் அவள் தன் பெயரைத் தமிழிலே தானே எழுதினாள். அவளுடைய தம்பி இன்றுவரை எழுதவில்லை. அவனுக்காக அவளே எழுதுகிறாள்.

கொட்டாஞ்சேனையில் இப்போது உறவினர் எவருமிலர். எனினும் செவ்வாய்க்கிழமை செல்லுதல் நிற்கவில்லை. 2019 ஏப்பிரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் குண்டுத் தாக்குதலுக்கு உள்ளாகிப் பலர் உயிரிழந்தனர். அவ்வாண்டு யூனிலே ஆலயம் மீளத் திறக்கப்பட்டது. ஓகஸ்டில் வந்த குடும்பத்தார் போவதா விடுவதா என்று வாதிட்டனர். எண்பது வயதான பாட்டி, "எங்களுக்கு நடந்தபோது வந்து பாத்தவை அவை" என்று மட்டும் சொன்னார். 1983இல் பெரியம்மாவின் குடும்பத்துக்குக் கதவு திறந்த அயலவரை அவர் மறந்திருக்கவில்லை. அனைவரும் சென்றனர். அன்றிரவு கொப்பியிலே பேரன் ஒருவன் சொல்ல எழுதப்பட்டது: 'வாசலில் பையைத் திறந்து காட்டினோம். மெழுகுதிரி மட்டும் இருந்தது.'

அடுத்த ஆண்டு பெருந்தொற்றினால் எவரும் வர இயலவில்லை. 2020 ஓகஸ்டிலே முதல் மாலையன்று பாட்டியும் கடைக்குட்டியும் மட்டும் மெல்ல நடந்து கடலுக்குப் போயினர். ஒரு பொட்டலம் கச்சானில் அரைவாசி மிஞ்சிற்று. இரவு ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் தொலைபேசி எடுக்கப்பட்டது. ஒவ்வொருவரும் தத்தம் ஊரிற் கண்டதைச் சொல்ல, கடைக்குட்டி எழுதினாள். ஆறு வயதில் "இவர் எப்ப போவார்?" என்று கேட்ட மகன், இலண்டனிலிருந்து, ஐம்பத்துநான்கு வயதில், "இஞ்சை ஒண்டும் இல்லை, சன்னலாலை மூண்டு கோச்சி போகக் கண்டனான்" என்றான்.

மறுமுனையிற் பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "எழுது பிள்ளை, மூண்டு கோச்சி" என்றார்.