மேட்டில் கைகொடுக்கும் சைக்கிள்

தோட்டத்தில் நாம் சைக்கிளை வேடிக்கைக்காக வாங்கியதில்லை. பால் வாளியைக் கொண்டுபோகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், பட்டணத்துக் கடையிலிருந்து அரிசி கட்டி வரவும் வாங்கினோம். இப்போதோ ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்துக்காரர்கள் நம் செம்மண் சடக்கைத் தேடி வந்து சைக்கிள் ஓட்டுகிறார்கள். சிலருடைய சைக்கிளில் மின்சார மோட்டாரும் இருக்கிறது. விலை 20,000 வெள்ளியைத் தாண்டுவதும் உண்டு.

பணக்காரர் விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். மலைச் சைக்கிளே பழைய சாமானில் பிறந்ததுதான். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களைக் கழற்றி மாட்டி மலைப்பாதையில் இறக்கினார்கள். இறக்கத்தில் பிரேக் சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து போகும். மறுபடியும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் 1976இல் தொடங்கிய அவர்களுடைய பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்றே பெயர் வந்தது.

என் கதைக்கு வருகிறேன். 30 வருடம் பால்மரக்காட்டில் மேடுபள்ளம் ஏறி இறங்கிய முழங்கால் எனக்கு. குன்றின் மேலுள்ள முனியாண்டி கோயிலுக்குப் போய் இரண்டு வருடமாகியிருந்தது. பட்டறையில் வேலை செய்யும் என் தங்கை மகன், தன்னுடைய பழைய மலைச் சைக்கிளில், மிதிகட்டைகளுக்கு நடுவே ஒரு மோட்டாரைப் பொருத்திக் கொடுத்தான்.

“மாமா, மிதிச்சாத்தான் மோட்டாரு உதவும். சும்மா உட்கார்ந்தா நின்னுடும்” என்றான். மேட்டில் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல் இருந்தது. கால் உழைத்தது, முழங்கால் நோகவில்லை. அன்று கோயிலில் என் கையால் சூடம் ஏற்றினேன்.

மோட்டாரும் பேட்டரியும் ஏறினால் சைக்கிள் கனக்கும். ஆகவே பிரேக்கையும் பலப்படுத்த வேண்டும். எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிரேக் போட்டோம். அடுத்தது டயர். செம்பனை மட்டை முள் எந்த டயரையும் விடாதல்லவா? டியூபை எடுத்துவிட்டு, டயருக்குள் ஒரு வெள்ளைத் திரவத்தை ஊற்றினான். முள் குத்தினால் அது கசிந்து, உறைந்து, ஓட்டையை அடைத்துவிடும். புட்டியைத் திறந்ததும் பழகிய அமோனியா வாடை! கேட்டால், அது இயற்கை ரப்பர் பால் கலந்ததாம். நாம் வெட்டிய பால் எங்கெல்லாம் போய்த் திரும்பி வருகிறது, பாருங்கள்!

பேட்டரி 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 504 வாட்-மணி. ஒருமுறை நிரப்ப அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் போதும். ஆனால் அதை வெயில் காயும் தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள். தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது கடினம்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பாவிலும் சிங்கப்பூரிலும் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டினால் மோட்டார் உதவியை நிறுத்திவிட வேண்டும் என்பது சட்டம். இந்தக் கட்டுப்பாட்டை நீக்கித் தரும்படி நம் பையன்கள் சிலர் என் மருமகனிடம் வருகிறார்கள். அவன் மறுத்துவிடுகிறான். அவன் செய்வது சரி. அந்தச் சடக்கில்தான் குலை வெட்டுகிறவர்கள் நிற்கிறார்கள், பிள்ளைகள் நடக்கிறார்கள். மோட்டாரோ சத்தமே போடாது. வருவது யார் காதிலும் விழாது.

கைத்தொழிலில் ஆசையுள்ள பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவனுக்கு ஸ்பேனர் வாங்கிக் கொடுங்கள். பிரேக்கைச் சரிபார்த்த பிறகே மோட்டாரைத் தொட வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.