பாவா ஆதம் மலையில் ஒரு பகல்

இலங்கை சென்று வருகின்ற நம் மக்களுக்குக் கொழும்பு தெரியும். புறக்கோட்டைக் கடைவீதி தெரியும். இரத்தினக்கல் வாணிபத்திற்காகத் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்த காயல்பட்டினத்தாருக்கு இரத்தினபுரியும் பேருவளையும் சொந்த ஊர் போலத் தெரியும். ஆயினும், அந்த இரத்தினபுரியின் பின்னே வானில் கூம்பாக எழுந்து நிற்கும் பாவா ஆதம் மலையின் உச்சிவரை ஏறியவர்கள் நம்மில் எத்தனை பேர் இருப்பார்கள்? அன்பு வாசகர்களே, 2024 பிப்ரவரியில் ஒரு முழுப் பகல் அம்மலைமேல் ஏறி, இரவில் மறுபுறம் இறங்கினேன். கண்டதையும் நினைத்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நான் ஓதிக்கொடுக்கும் மதரஸா சென்னைப் பட்டினப்பாக்கத்தில் இருக்கிறது. கடலோரத் தட்டை மண். மேடு என்று சொன்னால் அலை ஒதுக்கிய மணல்தான். ஏறுவதற்கென்று இருப்பவை மாடிக் குடியிருப்புகளின் படிக்கட்டுகள். அங்கே ஒருநாள் நபி ஆதம் (அலை) அவர்களின் வரலாற்றை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்தான். "ஹஜ்ரத், சிலோனில் ஆதம் நபியின் காலடி இருக்கிறதாமே, உண்மையா?"

அவர்கள் பூமியில் எவ்விடத்தில் இறங்கினார்கள் என்று குர்ஆன் பெயர் கூறவில்லை. ஸரந்தீப் என்று முன்னோர் சிலர் கூறியதைப் பிற்காலத்தார் எடுத்தெழுதினர். ஹிஜ்ரி 237, அதாவது கி.பி. 851இல் எழுதப்பட்ட "அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்" என்னும் அரபு நூல் அந்தப் பாதச்சுவட்டின் நீளம் 70 முழம் என்கிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் நேரில் கண்ட இப்னு பதூதா 11 சாண் என்கிறார். இவற்றை நான் சொல்லி முடிக்குமுன் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஆதம் நபியின் உயரமே 60 முழம் என்று ஹதீஸில் படித்தோமே ஹஜ்ரத். ஆளைவிடப் பாதம் பெரிதா?" வகுப்பே சிரித்தது. எத்தனையோ பெரிய நூல்களைப் படித்தவர்களுக்குத் தோன்றாத கணக்கு பத்து வயதுச் சிறுவனுக்குத் தோன்றிவிட்டது! சுவடு இன்னாருடையது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அன்றே சொல்லிவிட்டேன். ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மனிதரை இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு மலையை அவ்வளவோடு விட்டுவிட மனம் ஒப்பவில்லை. பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்பதும் இறைமறையின் கட்டளைதானே. ஒரு மாதம் நான்கு மாடிப் படிகளில் ஏறி இறங்கிக் காலைப் பழக்கினேன்.

இப்னு பதூதாவின் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மாலத்தீவில் காஜியாராக இருந்த அந்த மொராக்கோ நாட்டார் 1344இல் இலங்கையின் புத்தளத்தில் கரையிறங்கினார். அப்பகுதியை ஆண்டவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. மன்னர் இந்து, பாரசீக மொழி அறிந்தவர். வேண்டியதைக் கேட்கலாம் என்று மன்னர் சொன்னபோது, ஆதம் (அலை) அவர்களின் பாதச்சுவட்டைக் காண்பதன்றி வேறு விருப்பம் இல்லை என்றார் இவர். மன்னர் ஒரு பல்லக்கைக் கொடுத்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகிகள் 4 பேர், பிராமணர் 3 பேர், தம் பரிவாரத்தார் 10 பேர், உணவு சுமக்க 15 பேர் ஆகியோரையும் உடன் அனுப்பினார். யோகிகளும் பிராமணர்களும் வழிகாட்ட, ஒரு முஸ்லிம் காஜியார் காட்டுக்குள் செல்லும் அந்தக் காட்சியை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள்.

உச்சிக்கு இரண்டு பாதைகள் இருந்தனவாம். ஒன்று "பாபா" பாதை. மற்றது "மாமா" பாதை. நம் வீட்டு மாமாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். அன்னை ஹவ்வா (அலை) அவர்களையே அச்சொல் குறித்தது. மாமா பாதை எளியது, யாத்திரிகர் இறங்குவதற்கு உரியது. அதன் வழியே ஏறியவரை யாத்திரை செய்தவராகவே யாரும் கருதுவதில்லை. பாபா பாதையோ கரடுமுரடானது. செங்குத்தான பாறையில் பத்துச் சங்கிலிகள் தொங்கின. பத்தாவது சங்கிலிக்கு ஷஹாதாச் சங்கிலி என்று பெயர். அங்கு வந்தவன் கீழே பார்த்தால் விழுந்துவிடுவோமோ என்று நடுங்கித் தன்னையறியாமல் கலிமாவை மொழிந்துவிடுவான் என்று காரணமும் சொல்கிறார்.

நானும் இரத்தினபுரிப் பக்கமே ஏறினேன். நல்லதண்ணிப் பக்கம் படிகள் வரிசையாக இருக்கின்றன, தூரமும் குறைவு. பலாபத்தலையிலிருந்து செல்லும் பழைய வழி நீண்டது. தாழ்ந்த இடத்தில் தொடங்குவதால் ஏற்றமும் அதிகம். இரத்தினபுரியில் கல் வாணிபம் செய்யும் நண்பர் துணைக்கு வந்தார். அவ்வூர் வழக்கப்படி அவரை நானா என்றே அழைத்தேன். சுப்ஹு தொழுதுவிட்டுப் புறப்படும்போது அவர் தயங்கி நின்றார்.

"மௌலவி, தொப்பியைப் பையில் வைத்துக்கொள்ளுங்களேன்."

காரணத்தை நான் கேட்கவில்லை, கேட்காமலே தெரியும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் வெடித்த குண்டுகள் 250க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தன. அதைச் செய்தவர்கள் நம் பெயர்களைத் தாங்கியவர்கள். அடுத்த மாதமே அதில் எந்தப் பங்கும் இல்லாத நம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதன் பிறகு நானா இம்மலைப் பக்கம் வந்ததே இல்லையாம். தம் தொப்பியை அவர் முன்னதாகவே மடித்து வைத்துவிட்டார். நான் கழற்றவில்லை. வீரம் காட்டுவதற்காக அன்று. நாற்பது வயதைக் கடந்தவன் தலையிலிருந்து அதை எடுத்தால் அது நானாகவே இராது.

முதல் சில மணி நேரம் காடுதான். மரவேர்களே படிகளாகவும், நீர் வழிந்த பாறைகளே பாதையாகவும் இருந்தன. களு கங்கையும் களனி கங்கையும் பிறக்கும் மலைத்தொடர் இது. ஈரத்திற்குக் குறைவில்லை, ஆகவே அட்டைகளுக்கும் குறைவில்லை. சீத கங்குல என்னும் குளிர்ந்த ஓடையில் சிங்கள யாத்திரிகர்கள் நீராடினர். நாங்கள் ஒளுச் செய்தோம். ஒரே தண்ணீர்தான், கரையும் ஒன்றுதான். எதிரே இறங்கி வருவோர் ஒவ்வொருவரையும் பார்த்து "கருணாவாய்" என்று வாழ்த்துகிறார்கள்; கருணை உண்டாகட்டும் என்று பொருளாம். தொப்பி அணிந்த எனக்கும் அதே வாழ்த்துக் கிடைத்தது. முதலில் நானா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்; நண்பகலுக்குமேல் அவரும் வாய்விட்டுப் பதில் சொல்லத் தொடங்கினார்.

ஹெரமிட்டிபானையில் சற்றே சமதளம். லுஹருக்கு இடம் தேடினோம். தேநீர்க் கடைக்காரர் ஒரு சிங்களவர். நாங்கள் ஒன்றும் கேட்குமுன்பே விசுப்பலகையைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒரு பாயை நீட்டினார். பயணத் தொழுகை இரண்டே ரக்அத். தொழுது முடியும்வரை கடையில் இருந்தவர்கள் தாழ்ந்த குரலில்தான் பேசிக்கொண்டார்கள்.

அதற்குமேல் மகாகிரிதம்ப. மலையின் முதுகெலும்பு என்று சொல்லத்தக்க செங்குத்துப் பாறை இதுவே. இப்போது படிகளும் இரும்புக் கைப்பிடிகளும் இருக்கின்றன. இருந்தும் காற்று வீசும்போது இரு கைகளும் தாமாகவே இரும்பைப் பற்றிக்கொள்கின்றன. பக்கவாட்டில் பள்ளம், பள்ளத்தில் மேகம். மேலிருந்து பார்த்தால் மேகம் கீழே நின்று அடிவாரத்தை மறைக்கிறது என்று இப்னு பதூதா எழுதியதை நான் அலங்காரம் என்றே எண்ணியிருந்தேன். கண்டபோது நாக்கில் கலிமா வந்தது. எத்தனையாவது சங்கிலி நின்ற இடமோ அது, அறியேன்!

எனக்கு முன்னால் வெள்ளுடை அணிந்த மூதாட்டி ஒருவர் நின்றுவிட்டார். அவர் நின்றதால் வரிசையே நின்றது, யாரும் கடிந்துகொள்ளவில்லை. என் மூங்கில் தடியின் ஒரு முனையை நீட்டினேன். அவர் என் தாடியையும் தொப்பியையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, "புத்தே" என்றார். மகனே என்று பொருள். தடியின் மறுமுனையைப் பற்றிக்கொண்டார். ஐம்பது அறுபது படிகள் அவ்வாறே சென்றோம். மேலே அவருடைய பேரப்பிள்ளைகள் வந்து அழைத்துச் சென்றார்கள். திரும்பிப் பார்த்தபோது நானாவின் தலையில் தொப்பி இருந்தது. எப்போது எடுத்து அணிந்தாரோ, நான் கேட்கவில்லை.

உச்சி 2,243 மீட்டர், அடிக்கணக்கில் 7,359. சிறிய இடம். பாறைமேல் ஒரு மண்டபம். மெய்யான சுவடு அதன் அடியில் மூடப்பட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். பௌத்தர்களுக்கு அது புத்தரின் பாதம். அவர்கள் ஸ்ரீபாத என்கிறார்கள். இந்துக்களுக்குச் சிவனொளிபாதம். கிறிஸ்தவர் சிலருக்கு அது தோமையாரின் சுவடு. பட்டினப்பாக்கத்தை அடுத்த சாந்தோமில் யாருடைய பெயரால் தேவாலயம் நிற்கிறதோ அவரேதான். எத்தனையாவது முறை ஏறுகிறார்களோ அத்தனை முறை மணியை அடிக்கிறார்கள்.

நான் சுவட்டின் முன் வணங்கவில்லை. ஹஜருல் அஸ்வதை முத்தமிடும்போதே நீ ஒரு கல்தான் என்று சொன்னவர்கள் உமர் (ரலி) அவர்கள். ஆதாரமற்ற சுவட்டுக்கு அந்த முத்தமும் இல்லை. ஆனால் வணங்குகிறவர்களை இகழ்ந்து பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. அவர்கள் அளித்த பாயில் தொழுதுவிட்டு வந்தவன் நான். ஒதுக்குப்புறமாக நின்று அஸரைத் தொழுதேன். கிப்லாவின் திசையில் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்து கடலை நோக்கிச் சென்றன.

கூம்பு வடிவத்தைக் கண்டு இதை அணைந்த எரிமலை என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. எரிமலைத் தீவு காண வேண்டுமானால் அந்தமான் கடலில் பாரன் தீவு இருக்கிறது. 1991இல் மீண்டும் குமுறத் தொடங்கிய அதன்மேல் யாரும் கால் வைக்க அனுமதி இல்லை, படகிலிருந்து பார்க்கலாம். பாவா ஆதம் மலையோ மிகத் தொன்மையான உருமாறிய பாறை. நம் பரங்கிமலை, பல்லாவரத்துக் கருங்கல்லுக்கு அறிவியலார் சார்னோகைட் என்று பெயரிட்டிருக்கிறார்கள். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து 1893இல் ஹாலண்ட் என்பவர் இட்ட பெயர் அது. அதே இனக் கல் இலங்கையின் நடு மலைநாட்டிலும் பரவிக் கிடக்கிறது. பட்டினப்பாக்கத்துக்காரனுக்கு இதைவிட வேறு உறவு வேண்டுமா!

இறக்கம் நல்லதண்ணிப் பக்கம். சுமார் 5,500 படிகள். மாலை மங்கியதும் வழிநெடுக மின்விளக்குகள். கீழே மவுசாக்கலை நீர்த்தேக்கம் சிறிது நேரம் மின்னி இருளில் மறைந்தது. எளிய பாதை என்று எழுதியவர் யாராயினும், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே ஏறி வந்த தோட்டத் தொழிலாளத் தாய்மாரைக் கண்டிருக்க மாட்டார். "இன்னும் எவ்வளவு தூரம் ஐயா?" என்று தமிழில் கேட்டார்கள். "கொஞ்ச தூரம்தான்" என்றேன். மலையில் எல்லாரும் சொல்லும் பொய் அது. முழங்கால்கள் மூன்று நாள் பேசின.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாத வைகாசிப் பௌர்ணமி வரையே யாத்திரைக் காலம். மற்ற மாதங்களில் மழையும் காற்றும் மிகுதி, விளக்குகளும் இரா. பெண்களையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்வோர் ஹட்டன் சென்று, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்து ஏறுவதே நன்று. பௌர்ணமி நாட்களிலும் வார இறுதியிலும் கூட்டத்தில் நகர முடியாது. நள்ளிரவுக்குப் பின் ஏறத் தொடங்கினால், கதிர் எழும்போது மலையின் நிழல் முக்கோணமாக மேகத்தின்மேல் விழுவதைக் காணலாம். உச்சியில் குளிர் கடுமை, கம்பளி அவசியம். இரத்தினபுரிப் பக்கம் செல்வோர் இரண்டு எலுமிச்சம்பழங்களை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். அட்டை கடித்தால் எலுமிச்சைச் சாறு பிழிய வேண்டும் என்று இப்னு பதூதா எழுதி வைத்த மருந்து இன்றும் பலிக்கிறது. நானா உப்பும் கொண்டு வந்திருந்தார்.