அச்சமும் பெருமிதமும்

கிளாஸ்கோவின் செல்டிக் அணியில் வலப்புற விங்கராக ஆடிய ஜிம்மி ஜான்ஸ்டனை நினைக்கும்தோறும், 1967இல் லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 என வென்று அவ்வணி பெற்ற ஐரோப்பியக் கோப்பையைத்தான் பலரும் பேசுவர். நமக்கு முதலில் எழுவது 1968 நவம்பர் மாதத்து ஆட்டம் ஒன்று.

செந்தலையும் சிற்றுருவமுமான அம்மனிதருக்கு விமானம் என்றாலே உயிர் நடுக்கம். பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணியுடன் சொந்தத் திடலில் ஆடுகையில் இடைவேளைக் கணக்கு 1-1. பயிற்றுநர் ஜாக் ஸ்டீன் வாக்குக் கொடுத்தார்: நான்கு கோல் வித்தியாசத்தில் வென்றால், மறு ஆட்டத்துக்கு நீ பறக்க வேண்டாம். முடிவு 5-1. அவற்றுள் இரண்டு ஜான்ஸ்டன் அடித்தவை. பெல்கிரேடுக்கு அவர் போகவே இல்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை அடுக்குகையில் அச்சத்தை ஒட்டியே பெருமிதத்தை வைத்தார். வகுப்பில் அவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்தியே நாம் பாடம் சொல்லி வந்திருக்கிறோம். இந்த ஆட்டத்தைப் படித்தபின் அப்படிச் சொல்ல நா எழவில்லை.

2001இல் அவருக்கு இயக்க நரம்பணு நோய் கண்டறியப்பட்டது. மறு ஆண்டு செல்டிக் ரசிகர்கள் தம் அணியின் தலைசிறந்த வீரராக அவரைத் தேர்ந்தெடுத்தனர். தடுப்பாட்டக்காரர்களை வளைத்து வளைத்துத் திணறடித்த உடல், சிறிது சிறிதாக அசைவிழந்துகொண்டிருந்த காலம் அது. 2006 மார்ச்சில் மறைந்தார், வயது 61.