இரண்டு பதிவேடுகளும் ஒரு சின்னக் குறியும்

பிரெஞ்சு நிர்வாகம் புதுவைக்கு விட்டுச்சென்ற பழக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் இரண்டு பதிவேடுகளில் எழுதிவைப்பது. பிரான்சில் இது 1667-லேயே தொடங்கிவிட்டது. அன்று எழுதியவர்கள் பங்குக் கோவில் பாதிரியார்கள். 1804-ல் வந்த நெப்போலியனின் சிவில் சட்டமும் அதே முறையைத் தொடர்ந்தது. வருடம் முடிந்ததும் ஒரு பதிவேடு ஊர் அலுவலகத்தில் இருக்கும், மற்றது நீதிமன்றத்துக்குப் போகும். ஒன்று கரையானுக்குப் போனாலும் மற்றொன்று நம்மைக் காப்பாற்றும்.

இரண்டு பிரதி இருந்தால் இரண்டு பாதுகாப்பு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் இரண்டு இருந்தால் புதிதாக ஒரு தொல்லையும் பிறக்கிறது: அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் போகலாம். குமாஸ்தாவாக இருந்தபோது இதை நேரில் பார்த்தேன். அதற்கு ஒரு நல்ல தீர்வு இருப்பதை, ஓய்வுபெற்ற பிறகு, கம்ப்யூட்டருக்குள் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் பழைய பத்திரங்கள், போட்டோக்கள், இந்த வலைப்பூவின் கட்டுரைகள் எல்லாம் ஒரு சின்னப் பெட்டியில் இருக்கின்றன. என் மகன் அமைத்துக் கொடுத்தது. உள்ளே 4 டெராபைட் ஹார்டு டிஸ்க் இரண்டு. லினக்ஸில் ஓடுகிறது. நான் எதைச் சேமித்தாலும் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே மாதிரி எழுதப்படும். இதற்கு மிர்ரர் என்று பெயர், அதாவது கண்ணாடிப் பிம்பம். ரெய்ட்-1 என்றும் சொல்வார்கள்.

சென்ற மழைக்காலத்தில் ஏதோ சேமித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. முதல் டிஸ்க்கில் எழுதி, இரண்டாவதில் எழுதுவதற்குள் போயிருந்தால்? இரண்டும் வேறு வேறாக நிற்குமே! எங்கே வேறுபாடு என்று தெரியாவிட்டால் ஒரு டிஸ்க்கை முழுவதும் படித்து மற்றதில் எழுதத்தான் வேண்டும். வினாடிக்கு 150 மெகாபைட் வேகம் என்றாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் கரண்ட் வந்து நான் காபி குடித்து முடிப்பதற்குள் பெட்டி வேலையை முடித்துவிட்டிருந்தது. எப்படி என்று மகனைக் கேட்டேன். அவன் சொன்னதை நமக்குப் புரியும் மொழியில் எழுதுகிறேன்.

லினக்ஸ் அந்த டிஸ்க்கை மனதளவில் பல பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பகுதி 64 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால் 4 டெராபைட்டுக்குச் சுமார் 60,000 பகுதிகள் வரும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு குறி: ஒன்று அல்லது பூஜ்யம். இந்தக் குறிகளின் பட்டியலுக்கு பிட்மேப் என்று பெயர். 60,000 குறிகளும் சேர்ந்து எட்டு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். பெரிய மாளிகைக்குத் திண்ணையில் உட்கார்ந்த ஒரு காவல்காரர் மாதிரி.

முக்கியமானது வரிசை. ஒரு பகுதியில் எழுதப்போகிறோம் என்றால் முதலில் அந்தப் பகுதியின் குறியை ‘ஒன்று’ என்று மாற்றி, அந்தக் குறி டிஸ்க்கில் பதிந்ததை உறுதி செய்துகொள்ளும். அதன் பிறகுதான் இரண்டு டிஸ்க்கிலும் எழுதும். இரண்டிலும் எழுதியாயிற்று என்று பதில் வந்த பிறகு, சில வினாடிகள் பொறுத்து, குறியைப் பூஜ்யமாக்கும். ஏன் பொறுக்க வேண்டும்? அதே இடத்தில் மறுபடி எழுத வேண்டி வரலாம். ஒவ்வொரு முறையும் குறி போட்டு அழித்துக்கொண்டிருந்தால் அதுவே ஒரு வேலையாகிவிடும். மேஜைமேல் திறந்திருக்கும் பேரேட்டை வரிக்கு வரி அலமாரியில் வைத்து எடுப்போமா?

கரண்ட் எந்த நொடியில் போனாலும், திரும்பி வந்ததும் பெட்டி பார்ப்பது அந்தச் சின்னப் பட்டியலைத்தான். பூஜ்யம் உள்ள இடங்களைத் தொடுவதில்லை. ‘ஒன்று’ உள்ள சில இடங்களை மட்டும் ஒரு டிஸ்க்கிலிருந்து மற்றதற்கு நகல் எடுக்கும். ஒரு டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பிறகு மாட்டினாலும் இதே கணக்குதான். அது இல்லாத நாட்களில் போட்ட குறிகள் அழிக்கப்படாமல் காத்திருக்கும்.

இங்கே நான் ஒரு கேள்வி கேட்டேன். “ரெண்டும் வேறயா இருந்தா, எது சரின்னு அதுக்கு எப்படித் தெரியும்?” மகன் சிரித்தான். “தெரியாதுப்பா. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ரெண்டுலயும் எழுதி முடிக்காம ‘முடிஞ்சது’ன்னு அது யாருக்கும் பதில் சொல்றதில்ல. வாக்கு கொடுக்கலைன்னா எதை வச்சுக்கிட்டாலும் யாருக்கும் நஷ்டம் இல்ல.”

இந்தப் பதில் என்னை அன்று இரவு தூங்கவிடவில்லை. ஒரு அம்மாள் நினைவுக்கு வந்தார்.

அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இந்தோசீனா வரை போய்வந்த சொல்தா. கணவர் இறந்த பின் விதவை ஓய்வூதியத்துக்கு மனுப் போட்டார். அவர் பெயரின் எழுத்துப் பிழையைத் திருத்தி முன்பே ஒரு தீர்ப்பு வந்திருந்தது. தீர்ப்பின் விவரத்தை இரண்டு பதிவேடுகளின் ஓரத்திலும் குறிக்க வேண்டும் என்பது சட்டம். ஊர்ப் பிரதியில் குறித்திருந்தார்கள். மற்றொரு பிரதியில் குறிக்கவில்லை. ஆனால் அவர் கையில் திருத்திய நகலைக் கொடுத்து, வேலை முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். எந்த அலுவலகம் என்பது இப்போது வேண்டாம்.

இரண்டு பிரதியும் இரண்டு பெயர் சொல்லின. பதினான்கு மாதம் அந்த அம்மாள் இரண்டு அலுவலகப் படிகளையும் ஏறி இறங்கினார். ஒருநாள் என் மேஜை முன் நின்று, “எனக்குப் பேரு ஒண்ணுதான தம்பி? ரெண்டு புஸ்தகத்துல எப்படி ரெண்டா இருக்கும்?” என்று கேட்டார். குறி எதுவும் இல்லாததால் எங்கே விட்டுப்போனது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அந்த வருடங்களின் பதிவேடுகளை ஏடு ஏடாக ஒப்பிட வேண்டியதாயிற்று. மூன்று பேர், நான்கு வாரம். அப்படி ஒப்பிட்டதில் இன்னும் சில குடும்பங்களின் விடுபட்ட குறிப்புகளும் கிடைத்தன. அவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

இத்தனைக்கும் இதற்கு மருந்து எங்கள் நடுவிலேயே இருந்திருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு தலைமை குமாஸ்தா இருந்தார். பிரெஞ்சு காலத்து மனிதர், நாங்கள் ‘முசியே’ என்றுதான் கூப்பிடுவோம். பதிவேட்டைத் திறக்கும் முன்பே ஒரு சின்ன நோட்டில் எண்ணை எழுதிக்கொள்வார். இரண்டாவது பிரதியிலும் எழுதியதற்கு ரசீது வந்த பிறகுதான் அந்த எண்ணை அடிப்பார். அதுவரை மனுதாரர் கையில் எதுவும் கொடுக்கமாட்டார். கெடுபிடிக்காரர் என்று முணுமுணுப்பார்கள். அவர் ஓய்வுபெற்றதும் அந்த நோட்டும் போயிற்று, பழக்கமும் போயிற்று. லினக்ஸ் செய்வதை அவர் பேனாவால் செய்தார், அவ்வளவுதான்.

ஒன்றிரண்டு எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும். பிட்மேப் காட்டிக்கொடுப்பது பாதியில் நின்ற எழுத்தை மட்டுமே. டிஸ்க் தானாகக் கெட்டு ஓர் எழுத்து மாறினால் அதற்குத் தெரியாது. அதற்காகத்தான் டெபியன் வகை லினக்ஸ், மாதத்தின் முதல் ஞாயிறன்று இரண்டு டிஸ்க்கையும் முழுக்க ஒப்பிட்டுப் பார்க்கிறது. மேலும், நான் ஒரு கோப்பைத் தவறாக அழித்தால் இரண்டு டிஸ்க்கும் விசுவாசமாக அழித்துவிடும். ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு பிரதி ஒரே ஆபத்தில் போய்விடும் என்பதற்குப் பாரிஸே சாட்சி. 1871 மே மாதம் கம்யூன் கலகத்தில் நகரசபை மாளிகையும் நீதி மாளிகையும் எரிந்தன. 1860-க்கு முந்தைய பதிவேடுகளின் இரண்டு பிரதிகளும் சாம்பலாயின. பிறகு பல ஆண்டுகள் முயன்றும் சுமார் மூன்றில் ஒரு பங்கைத்தான் மீட்டெழுத முடிந்தது. குடியேற்ற நாடுகளின் பதிவுகளுக்கு மூன்றாவது பிரதி எழுதி பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776-லேயே ஆணையிட்டவர்கள், தங்கள் தலைநகருக்கு அதைச் செய்யவில்லை!

நம் வயதில் எல்லோரிடமும் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. வங்கியில் நாமினி பெயரை மாற்றியிருப்போம், தபால் நிலையத்தில் மாற்றியிருக்கமாட்டோம். ஆதாரில் ஒரு முகவரி, ஓய்வூதியப் புத்தகத்தில் வேறொன்று. ஒரு மாற்றத்தைத் தொடங்கும் முன்பே அது எங்கெங்கே எழுதப்பட வேண்டும் என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ரசீது கையில் வந்த பிறகு அடியுங்கள். கடைசி வரியை அடிக்கும்வரை வீட்டில் யாரிடமும் ‘முடிந்தது’ என்று சொல்ல வேண்டாம். நமக்குப் பின்னால் வருபவர்கள் பீரோ முழுவதையும் புரட்டாமல், அந்த ஒரு தாளை மட்டும் பார்த்தால் போதும்.