திருவல்லிக்கேணியில் இரண்டு வீடுகள்

மே மாத லீவுக்குத் திருவல்லிக்கேணித் தாத்தா வீட்டுக்குப் போனால் சாயங்காலம் மெரினா, ராத்திரி மொட்டை மாடியில் படுக்கை என்று எனக்கும் தம்பிக்கும் ஒரு திட்டம் இருக்கும். அச்சகத்தில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்ற தாத்தாவின் திட்டம் வேறு. பாரதியார் கடைசியாகக் குடியிருந்த வீட்டை அரசாங்கம் புதுப்பித்து 1993-ல் நினைவில்லமாகத் திறந்திருந்தது. அடுத்த கோடையில் நாங்கள் போய் இறங்கியதும், "பாரதி வீட்டைப் பார்க்காம பீச்சுக்கெல்லாம் கிடையாது" என்று சொல்லிவிட்டார். முரண்டு பிடித்த தம்பிக்கு ரத்னா கபே இட்லி என்று ஆசை காட்டினார். அங்கே கூஜாவும் கையுமாக வந்து, இட்லி முங்குகிற மட்டும் சாம்பார் ஊற்றுவார்கள். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டது அந்தச் சாம்பாருக்காகத்தான்.

பார்த்தசாரதி கோயிலைத் தாண்டி, தெருவை அடைத்துக்கொண்டு நின்ற மாடுகளுக்கு வழிவிட்டு, துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவுக்குள் நுழைந்தோம். பாரதி வீட்டுக்குள் சுவர் சுவராகப் புகைப்படங்கள், கையெழுத்துப் பிரதிகளின் நகல்கள். தாத்தா ஒவ்வொன்றின் முன்னும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மூக்கு உரசுகிற கிட்டத்தில் நின்று படித்தார். தொழில் பழக்கம்; பிழை தேடுகிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. எங்களுக்குப் பத்து நிமிஷத்தில் வீடு முடிந்துவிட்டது. பிள்ளைகளை இப்படிப்பட்ட இடங்களுக்குக் கூட்டிப்போகிறவர்கள் இந்தப் பத்து நிமிஷத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று யோசித்துவைத்துக்கொள்வது நல்லது.

தம்பி மட்டும் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னடா தேடுகிறாய் என்றால், "யானை எங்கே தாத்தா?" என்றான். பாரதியாரை யானை அடித்துக் கொன்றதாக அவன் வகுப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

தாத்தா அங்கேயே திண்ணையில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். யானை கோயில் யானை, வீட்டு யானை இல்லை. பாரதி அதற்குத் தேங்காய் கொடுக்கிறவர். 1921 ஜூனில் ஒருநாள் மதம் பிடித்திருந்த அது அவரைத் தள்ளிவிட்டது. அதன் காலடியில் கிடந்தவரை அவருடைய அன்பர் குவளைக்கண்ணன் உள்ளே பாய்ந்து தூக்கிவந்தார். காயம் ஆறி, மறுபடி சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்குப் போனார். ஈரோட்டுக் கருங்கல்பாளையம் வாசகசாலைக்குப் போய்ப் பேசிவிட்டும் வந்தார். அங்கே அவர் பேசிய தலைப்பு, மனிதனுக்கு மரணமில்லை. செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு வந்தது, அதுதான் கொண்டுபோனது. வயது 38. "சுடுகாட்டுக்குப் போனவங்க இருபது பேர்கூட இல்லடா. பாவம், யானை மேல பழி போடாதே." யானை கொல்லவில்லை என்றதில் தம்பிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இட்லி கிடைக்குமுன் இன்னொரு வீடு பாக்கி இருந்தது. பிள்ளையார் கோயில் தெருவில் ஒரு வீட்டுக்கு எதிரே எங்களை நிறுத்தினார். காட்சிப்பெட்டி இல்லை, டிக்கெட் இல்லை, காவல்காரர் இல்லை. உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்கத் தாத்தாவுக்குக் கூச்சம். தெருவில் நின்றபடியே சொன்னார்: "இது தமிழ்த் தாத்தா வீடு. தியாகராஜ விலாசம்." கும்பகோணம் கல்லூரியில் தன் இடத்தை உ.வே.சாமிநாதையருக்கு வாங்கித் தந்துவிட்டுப் போன தியாகராச செட்டியாரின் பெயரைத்தான் ஐயர் தன் வீட்டுக்கு வைத்திருக்கிறார். சொந்த வீட்டுக்குத் தனக்கு வேலை வாங்கித் தந்தவர் பெயரை வைக்கிற மனிதரை அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை.

1903-ல் மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து ஐயருக்குத் திருவல்லிக்கேணிதான். ஏடுகளிலிருந்து அவர் பதிப்பித்த சிந்தாமணி, சிலப்பதிகாரம், புறநானூறு எல்லாம் கும்பகோணத்துக் காலத்திலேயே வெளிவந்துவிட்டன. பரிபாடல் 1918, பெருங்கதை 1924, குறுந்தொகை 1937 என்று இங்கே வந்தபிறகு வந்தவற்றைத் தாத்தா விரல் மடக்கி எண்ணினார். குறுந்தொகை வந்தபோது ஐயருக்கு 82 வயது. "அந்த வயசுல ஏட்டுச்சுவடியையும் புரூஃபையும் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். எனக்கு 58-லயே கண்ணு போச்சு" என்றார். தாகூர் அவரைப் பார்க்க வீடு தேடி வந்ததையும், 1906-ல் ஐயருக்கு மகாமகோபாத்தியாயப் பட்டம் கிடைத்தபோது பாரதி அவரை வாழ்த்திப் பாடியதையும் சொன்னார். "அந்த வீட்டுக்காரர் இந்த வீட்டுக்காரரைப் பாடியிருக்கார், புரியுதா?" எங்களுக்குப் பசிதான் புரிந்தது. நடந்து போகிற தூரத்தில் இரண்டு வீடுகள், ஒன்றுக்கு மட்டும் ஏன் டியூப்லைட்டும் காவலும் என்று கேட்கத் தோன்றவில்லை. இட்லி, சொன்னபடியே, கிடைத்தது.

அந்தக் கேள்வி 2012-ல் வந்தது. பிள்ளையார் கோயில் தெரு வீட்டை இடிக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. எழுத்தாளர்களும் தமிழறிஞர்களும் அரசு அதை வாங்கி நினைவில்லம் ஆக்க வேண்டும் என்றார்கள். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அது தனியார் சொத்து. விற்பதும் இடிப்பதும் சொந்தக்காரர்கள் உரிமை. வாடகைக்கு இருந்த பாரதியின் வீடு நிற்கிறது, சொந்த வீட்டில் இருந்த ஐயரின் வீடு இல்லை. பெருமை மட்டும் எந்தச் சுவரையும் காப்பாற்றாது. உரிய நேரத்தில் யாராவது பணம் கட்டிப் பத்திரம் முடிக்க வேண்டும். ஐயரின் சொந்த ஊரான உத்தமதானபுரத்தில் அவருக்கு அரசு நினைவில்லம் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் பரிபாடல் வந்த காலத்து வீடு அதுவல்ல.

ஐயர் தேடிச் சேர்த்த ஏடுகளும் குறிப்புகளும் அவர் காலமான மறு வருஷம், 1943-ல், ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியில் தொடங்கிய உ.வே.சா. நூல்நிலையத்தில் பத்திரமாக இருக்கின்றன. அது இப்போது பெசன்ட் நகரில் இருக்கிறது. அந்தப் பக்கம் பிள்ளைகளோடு போனால் கடற்கரையோடு திரும்பிவிடாமல் அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள். இட்லியை முன்கூட்டியே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.