கார்டு தேறுவானா?

கல்லூரி அணியில் கார்டு ஆடும் ஒரு பையன் நாளைக்குப் பந்தை நம்பிப் பிழைப்பானா என்று சொல்வது லேசான காரியம் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியவன் என்பதால் அந்தக் கேள்வி போன மாதம் என் வீட்டு வாசலுக்கு வந்தது.

கேட்டவர் என்னிடம் படித்த பழைய மாணவர். தாராபுரத்தில் வீடு, திருப்பூரில் சின்னதாக ஒரு தையல் யூனிட். பன்னிரண்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறார். இன்னும் பத்து மெஷின் போட பேங்கில் கடன் கேட்டிருக்கிறார். மகன் கோவையில் பி.காம். கடைசி வருஷம், கல்லூரிக் கூடைப்பந்து அணியில் கார்டு. அங்கேயே மேல்படிப்பு சேர்ந்து இன்னும் இரண்டு வருஷம் ஆட வேண்டும் என்கிறான். அப்பாவுக்கோ யூனிட்டில் கூட நிற்க ஒரு ஆள் வேண்டும்.

"வாத்தியாருங்க, ரெண்டு வருசம் உட்டா இவன் தேறுவானுங்களா? இல்லீன்னா இப்பவே வரச்சொல்லிப்போடறனுங்க. ஆள் இருக்கான்னாத்தான் நான் கடன்ல கை வெக்க முடியும்."

"மூணு ஆட்டம் பார்த்துட்டுச் சொல்றேன் கண்ணு" என்றேன்.

கூடைப்பந்து பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்து பேரில் கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் உயரமான ஆள் சென்டர். பந்தைத் தட்டிக்கொண்டு மேலே வந்து, யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்கிறவர்கள் கார்டுகள். வாலிபாலில் பந்தைத் தூக்கிக் கொடுப்பவரின் வேலை போல. சென்டரை டேப் வைத்து அளந்துவிடலாம். அதுவும் போதாது என்பதற்குப் பஞ்சாபின் சத்னம் சிங் சாட்சி. ஏழடிக்கு மேல் உயரம், 2015ல் டல்லாஸ் அணி அவரை 52வது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் ஆள் அவர்தான். ஆனால் என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சென்டருக்கே இப்படி என்றால் கார்டுக்கு எந்த டேப்பை வைத்து அளப்பது?

புள்ளிக் கணக்கை வைத்து அளக்கலாம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் ஜிம்மர் ஃப்ரெடெட் என்று ஒரு கார்டு. 2010-11ல் கல்லூரி ஆட்டத்தில் சராசரி 28.9 புள்ளி, நாட்டிலேயே முதலிடம். டிராஃப்டில் பத்தாவது ஆளாகப் போனார். என்.பி.ஏ.வில் எடுபடவில்லை. அங்கே எதிரே நிற்பவன் வேகமானவன். அவனை இவரால் தடுத்து நிறுத்த முடியவில்லை, அவன் கையைத் தாண்டி எறியவும் நேரம் கிடைக்கவில்லை. அதே ஆள் சீனாவுக்குப் போய் ஷாங்காய் அணிக்காக ஒரே ஆட்டத்தில் 73 புள்ளி போட்டார். எறியும் கை மாறவில்லை, எதிரே நிற்கும் ஆட்கள்தான் மாறினார்கள்.

ஃப்ரெட் வான்வ்லீட் கதை நேர் எதிர். ஆறடி உயரம், விசிடா ஸ்டேட் கல்லூரியில் நான்கு வருஷம் ஆடினார். 2016 டிராஃப்டில் அறுபது பேரை எடுத்தார்கள், அதில் இவர் பெயர் இல்லை. 2019ல் டொரண்டோ அணி கோப்பையை வென்ற கடைசி ஆட்டத்தில் இவர் 22 புள்ளி போட்டார். பந்தைத் தொலைக்காதவர், எதிராளியை விடாமல் ஒட்டி நிற்பவர், கடைசி நிமிஷத்தில் கை நடுங்காதவர். இதெல்லாம் அடுத்த நாள் பேப்பரில் வருகிற புள்ளிப் பட்டியலில் தெரியாது.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் கோவைக்கு பஸ் ஏறினேன்.

முதல் ஆட்டம் இன்னொரு கல்லூரியோடு. பையன் 24 புள்ளி போட்டான். கூடவே படிக்கும் பிள்ளைகள் விசிலடித்துத் தீர்த்துவிட்டார்கள். என் நோட்டில் நான் எழுதியது வேறு. பந்தைத் தட்டிக்கொண்டு போன ஒவ்வொரு முறையும் வலது பக்கமே போனான். இடது கை பந்தைத் தாங்கத்தான் பயன்பட்டது. எதிரணி அதைக் கவனிக்கவில்லை, தப்பித்தான்.

இரண்டாவது ஆட்டம் ஒரு அலுவலக அணியோடு. அதில் எல்லாரும் வேலையில் இருக்கிறவர்கள், முப்பதை ஒட்டிய வயது, பத்து வருஷம் ஆடித் தேறிய உடம்பு. ஐந்தாவது நிமிஷத்திலேயே அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். வலது பக்கத்தை அடைத்து, இடது பக்கம் போ என்று வழி விட்டார்கள். பையன் திணறினான். ஆறு புள்ளி, ஏழு முறை பந்தைத் தொலைத்தான்.

ஆனால் நான் கோவைக்குப் போனதற்குப் பலன் அந்த ஆட்டத்தில்தான் கிடைத்தது. பந்தைத் தொலைத்த ஏழு முறையும் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கவில்லை, நடுவரைப் பார்த்துக் கையை விரிக்கவில்லை. திரும்பி ஓடித் தன் கூடைக்கு முன்னால் போய் நின்றான். நான்காவது கால் பகுதியில் தானே முட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, பந்து கைக்கு வந்த உடனே ஆள் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தான். கோச் கூப்பிட்டுச் சொன்ன மாதிரி தெரியவில்லை. ஆட்டம் முடிந்து வெளியே வந்தவனிடம், "அந்த எட்டாம் நம்பர் உன்னை எப்படி மடக்கினான்?" என்று கேட்டேன். "முதல்ல என் வலது தோளுக்கு நேரா நின்னானுங்க ஐயா. அப்புறம் அவங்க சென்டர் ஸ்கிரீனுக்கு வெளிய வந்து நின்னுக்கிட்டாருங்க" என்று வரிசையாகச் சொன்னான். தோற்ற ஆட்டத்தை அவன் தலைக்குள் திருப்பி ஓட்டிப் பார்த்திருக்கிறான்.

மூன்றாவது ஆட்டத்தில் ஒன்பது புள்ளிதான். ஆனால் அவன் கொடுத்த பந்தில் மற்றவர்கள் எட்டு கூடை போட்டார்கள். நாலு புள்ளியில் தோற்றார்கள். இடது கை அன்றைக்கும் வரவில்லை.

இனி எதற்குத் தேறுவது என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் கூடைப்பந்து லீக்கை மட்டும் நம்பி அடுப்பு எரியாது. 2015ல் யூ.பி.ஏ. என்று ஒரு லீக் ஆரம்பித்து இரண்டு மூன்று வருஷத்தில் நின்றுபோனது. பிறகு ஐ.என்.பி.எல். வந்தது, சென்னை ஹீட் உட்பட ஆறு நகர அணிகள் ஆடின. இந்திய அணியின் கேப்டனாக இருந்த வாரணாசிக்காரர் விசேஷ் பிருகுவன்ஷி நம் காலத்தின் பெரிய கார்டு. 2017ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் அணி அவரோடு ஒப்பந்தம் போட்டது, 2020ல் அர்ஜுனா விருது. அப்பேர்ப்பட்டவருக்கும் ஓ.என்.ஜி.சி. வேலைதான் கையில் இருந்த சோறு.

தமிழ்நாட்டில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரித்துறை என்று அணிகள் இருக்கின்றன. மே மாதம் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்குப் போனால் இப்படிப்பட்ட அணிகளை ராத்திரி வெளிச்சத்தில் பார்க்கலாம். அந்தச் சட்டையைப் போடுவதுதான் நம் பிள்ளைக்குத் தொழில்முறை ஆட்டம். மாதச் சம்பளம் வரும், ஆட்டம் முடிந்த வயதிலும் நாற்காலி இருக்கும். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டில் பல்கலைக்கழகத்துக்காக இன்டர் யுனிவர்சிட்டி போட்டியில் ஆடியதும் ஒரு தகுதி. கல்லூரிக்காக எத்தனை 24 புள்ளி போட்டாலும் அந்தக் கணக்கில் சேராது. பல்கலைக்கழக அணியில் இடம் பிடிக்க வேண்டும்.

பையன் உயரம் ஐந்தடி பத்து அங்குலம். கல்லூரியில் எறிகிற கார்டாக ஆட அது போதும். மேலே ஆறடி மூன்று, ஆறடி நாலு ஆட்கள் அந்த வேலைக்கு நிற்கிறார்கள். அதனால் அவன் பந்தை நடத்துகிற பாயிண்ட் கார்டாக மாறினால்தான் வழி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் மகனையும் சேர்த்து உட்காரவைத்துச் சொன்னேன். "வெளிநாட்டு லீக்குங்கிற பேச்சு வேண்டாம். ஒரு அலுவலக அணியில் பாயிண்ட் கார்டாகச் சேர இவனால் முடியும், அதற்கான தலை இருக்கிறது. கைதான் இன்னும் வரவில்லை. இரண்டு வருஷம் என்று மொத்தமாகக் கேட்காதே, ஒரு வருஷம் கேள். இந்த வருஷம் பல்கலைக்கழக அணியில் பெயர் வந்தால் அடுத்த வருஷமும் ஆடு. வராவிட்டால் படிப்பை அஞ்சல் வழியில் முடித்துக்கொண்டு யூனிட்டுக்கு வந்துவிடு. சாயங்காலம் கிளப்பில் ஆடு, அதை யாரும் பிடுங்கப் போவதில்லை."

பையன் தலையைக் குனிந்துகொண்டு, "இடது கையில பத்தாயிரம் லே-அப் போட்டா வந்துருமுங்களா ஐயா?" என்று கேட்டான்.

"பத்தாயிரம் பத்தாது. சாப்பிடுறது தவிர எல்லாத்தையும் ஆறு மாசம் இடது கையில செய்" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப மெஷின் அஞ்சு மட்டும் போடறனுங்க. மிச்சம் அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். கடனைப் பாதியாக்கிக்கொண்டு மகனுக்கு ஒரு வருஷம் கொடுத்தார். ஷிப்மெண்ட் நெருக்கடியில் உழலும் மனிதருக்கு அது சின்ன முடிவு இல்லை.

இத்தனை வருஷத்தில் மகன் ஆடி அவர் ஒரு ஆட்டம்கூட நேரில் பார்த்ததில்லையாம். அடுத்த ஆட்டத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, வாசலில் செருப்பைப் போடும்போது கேட்டார், "எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. நான் எதைப் பாக்கோணும்?"

"பந்து இவன் கையில இல்லாதப்ப இவன் கால் என்ன பண்ணுதுன்னு பாரு. அது ஓடிக்கிட்டே இருந்தா எனக்கு போன் பண்ணு" என்று சொல்லி அனுப்பினேன்.