சுவரோடு பெயர்த்த ஓவியம்

ஃபிலடெல்ஃபியாவுக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள், லிபர்ட்டி பெல் பார்த்த கையோடு ரோசன்பாக் அருங்காட்சியகத்துக்கும் ஒரு எட்டு போய்வாருங்கள். ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸஸ்’ நாவலின் கையெழுத்துப் பிரதி அங்கேதான் இருக்கிறது. அது பெரியவர்கள் பாடு. பிள்ளைகளுக்குச் சிறுவர் புத்தக ஓவியர் மாரிஸ் சென்டாக்கின் சுவரோவியம்.

அவருடைய ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ புத்தகம் வெளிவர 2 வருஷம் முன்னால், 1961இல், நியூயார்க்கில் நண்பர்கள் வீட்டுக் குழந்தைகளின் அறையில் வரைந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2011இல், அந்தச் சுவரையே பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். அவர் புத்தகங்களில் அடிக்கடி தலைகாட்டும் அவருடைய செல்ல நாய் ஜென்னியும் ஓவியத்தில் போகும் ஊர்வலத்தில் உண்டு. பிற்காலச் சென்டாக்கின் மிரட்டல் இதில் இல்லை; குறும்பு மட்டும்தான். எனக்கென்னவோ இதுதான் பிடித்திருக்கிறது.

என் மகள் கேட்டாள்: “இவரு மட்டும் வீட்டுச் சுவத்துல வரையலாமாப்பா?”

“அந்த வீட்டுக்காரங்க சரின்னு சொன்னாங்கம்மா.”

“அப்போ நீயும் சொல்லு.”

வாடகை வீடு என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் வாடகை வீடா என்கிறாள்.